கடாரத்தில் ஒரு மதியச் சாப்பாடு

பணி ஓய்வுக்குப் பிறகு நான் வெளிநாடு போனது ஒரே ஒரு தடவைதான். 2018 ஜூன் மாதம். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். பேத்திக்குப் பள்ளி விடுமுறை. "அப்பா, ஒரு வாரம் எங்கேயாவது போகலாம், எங்கே போகணும்னு நீங்களே சொல்லுங்க" என்றான். மருமகள் பாலித்தீவு என்றாள். வீட்டுக்காரி, கோயில் எங்கே இருக்கிறதோ அங்கே என்றாள். நான் பினாங்கு என்றேன். அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் சுங்கைப் பட்டாணி என்ற ஊரில் என் பள்ளித் தோழன் இருந்தான். நாற்பத்தேழு வருஷமாக அவனைப் பார்க்கவில்லை.

வகுப்பில் அவனுக்கு "பினாங்கு" என்றுதான் பெயர். உண்மையில் அவன் பிறந்தது கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பால்மரம் வெட்டும் அப்பா, அம்மா. எட்டு வயதில் அவனைக் கப்பலேற்றி, கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் இருந்த அவன் அம்மாயியிடம் அனுப்பி வைத்தார்கள். கெடாவுக்கும் பினாங்குக்கும் எங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? கடல் தாண்டி வந்தவன் எல்லாம் பினாங்கான். அவன் பேசும்போது நடுவில் ஒரு மலாய் வார்த்தை வந்துவிடும். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

1971ல் பள்ளி இறுதி வகுப்பு முடிந்ததும் அவன் திரும்பிப் போனான். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். அப்போது ஓடிய கப்பல் 'ரஜூலா'. 1926ல் கட்டியது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று எங்கள் ஊர்க்காரர்களை நாற்பது வருஷத்துக்கு மேல் சுமந்தது. அதன் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் நாகூர், நாகைப் பக்கத்தில் வயதானவர்கள் முகம் மாறும். அம்மாயி துறைமுகத்தில் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகு கிளம்பும் முன் அவன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "அம்மாயிக்குக் கடுதாசி படிச்சுக் காட்டுடா."

அதைச் செய்தேன். மாதம் ஒரு கடிதம் வரும். சில சமயம் பணமும் வரும். படித்துக் காட்டுவேன், அம்மாயி சொல்லச் சொல்லப் பதில் எழுதுவேன். 1979ல் அம்மாயி இறந்துபோனார். தந்தி கொடுத்தோம். அவனால் வர முடியவில்லை. காரியத்துக்குப் பணம் அனுப்பினான். அதன்பின் எங்கள் கடிதங்கள் குறைந்தன. எனக்குக் கல்யாணம், வருவாய்த்துறையில் வேலை, ஊர் ஊராக மாற்றல். நின்றது என் பக்கத்தில்தான். அவனுடைய கடைசிப் பொங்கல் வாழ்த்துக்கு நான் பதில் போடவில்லை. 2017ல் யாரோ ஒரு பழைய மாணவர் கைப்பேசியில் குழு ஆரம்பித்து, அதில் அவனையும் சேர்த்தபோதுதான் மறுபடியும் குரல் கேட்டது.

பினாங்கில் முதல் நாள் ஊர் சுற்றினோம். ஜார்ஜ் டவுன் பழைய நகரம். 1786ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் தொடங்கியது. 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கே சூலியா தெரு என்று ஒன்று உண்டு. கடல் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களைச் சூலியர் என்பார்கள். சோழியர் என்பதுதான் அப்படித் திரிந்தது என்று ஒரு கருத்து. அந்தத் தெருவில் நடந்தால் ஒரு முனையில் நாகூர் தர்கா! நம்ம நாகூர் ஆண்டவர் பெயரில், 1800களின் தொடக்கத்தில் கட்டியது. சிங்கப்பூரிலும் ஒன்று இருக்கிறது. கப்பலில் போனவர்கள் கரை சேர்ந்ததும் முதலில் நினைத்தது அவரைத்தான். வீட்டுக்காரி வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த தெருவில் மாரியம்மன் கோயில். நாகூரில் கந்தூரிக்குப் போய்விட்டுச் சிக்கலில் சிங்காரவேலரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு அந்த ஊரில் அந்நியமாக எதுவும் தெரியவில்லை.

மறுநாள் சுங்கைப் பட்டாணி. தோழன் வாசலில் நின்றான். தலை வழுக்கை, மூக்குக் கண்ணாடி. அந்தச் சிரிப்பு மட்டும் மாறவில்லை. "வாடா, சாப்பிட்டியா லா?" என்றான். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவன் மனைவி வாழையிலை போட்டு, சாம்பார், ரசம், கருவாட்டுக் குழம்பு என்று பரிமாறினார். குழம்பில் அம்மாயி கை மணம் இருந்தது. அவர் அம்மாயியைப் பார்த்ததே இல்லை. மாமியாரிடம் கற்றுக்கொண்டாராம்.

சாப்பிட்டு முடிந்ததும் தோழன் எங்களை பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனான். அவன் பேத்தியும் கூட வந்தாள். அங்கே தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். என் பேத்திக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒன்பது. பின்சீட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் குடியிருப்பது தஞ்சாவூரில். தினமும் காலை நடைப்பயிற்சி பெரிய கோயிலைச் சுற்றித்தான். அந்தக் கோயில் கல்வெட்டு ஒன்றில் ராஜேந்திர சோழனின் கடல் கடந்த படையெடுப்பு வரிசையாக எழுதியிருக்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று பெயர்களை அடுக்கி, கடைசியில் கடாரம் வரும். கடாரம் என்பது இந்தக் கெடா. 1025ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது. அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். வித்யாதர தோரணம் என்ற வாயில் தோரணத்தையும் சோழன் எடுத்துக்கொண்டான். அதனால்தான் அவனுக்குக் கடாரம் கொண்டான் என்று பெயர். இதையெல்லாம் பேத்திகளுக்குச் சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நானே கப்பலில் வந்து இறங்கியவன் மாதிரி பேசினேன்.

ஜெராய் மலை தெரிந்தது. 1,200 மீட்டருக்கு மேல் உயரம், சமவெளியில் தனியாக நிற்கிற மலை. வங்காள விரிகுடாவைத் தாண்டி வரும் மரக்கலங்களுக்கு அதுதான் முதல் அடையாளம். அடிவாரத்தில் மெர்போக் என்ற இடத்தில் அருங்காட்சியகம். அதை ஒட்டி, ஓடைக்கரையில், புக்கிட் பத்து பாகாட் என்ற கோயிலின் அடித்தளம். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் தோண்டிப் பார்த்தது. 1960 வாக்கில் சீரமைத்தார்கள். கருவறையும் முன்மண்டபமுமாக நம் ஊர் அமைப்புத்தான். மேலே மரமும் கூரையும் இருந்திருக்க வேண்டும். இப்போது கல் மேடையும் தூண்கள் நின்ற குழிக்கற்களும்தான் மிச்சம். உள்ளே பிள்ளையார், மகிஷாசுரமர்த்தினி, அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் கோமுகை. அஸ்திவாரத்தில் பொன்னும் மணியும் வைத்துப் புதைத்த கல் பெட்டிகளும் இருந்தன. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல கோயில் கட்டும்போது நவரத்தினம் போடுவாங்களே, அதேதான்" என்றாள். பெரிய ஆய்வாளர்களும் ஏறக்குறைய அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்த மேடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் பேத்தி கேட்டாள்.

"தாத்தா, இவங்க ஊரை நம்ம ராஜா எதுக்கு அடிச்சார்?"

பக்கத்தில் தோழனின் பேத்தி. அவளும் என்னைப் பார்த்தாள். "இது எங்க ஊரு" என்றாள், சாதாரணமாக. சண்டைக்கு இல்லை. தகவல் சொல்கிற மாதிரி.

எனக்குப் பதில் வரவில்லை. ஏன் அடித்தார் என்று பெரிய கோயில் கல்வெட்டு சொல்லவே இல்லை. சீனத்துக்குப் போகும் கடல்வழி ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது, அந்த வணிகப் போட்டிதான் காரணம் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது பதிலா? தோழன் சிரித்துக்கொண்டே, "சொல்லுடா வருவாய்த்துறை" என்றான். அப்போதுதான் ஆனைமங்கலம் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். பிள்ளைகளுக்குச் சுருக்கிச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆனைமங்கலம் எங்கள் கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம். வேலையில் இருந்தபோது பல தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் காலத்தில், கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எழுப்பினான். தன் தகப்பன் சூளாமணிவர்மன் பெயரில், சூளாமணி விகாரம். ராஜராஜன் சைவன், பெரிய கோயில் கட்டியவன். ஆனாலும் தன் 21ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது 1005–06ல், அந்த விகாரைக்கு ஆனைமங்கலத்தை எழுதி வைத்தான். நிலம் 97 வேலி. மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று இன்றைய கணக்கில் பார்த்தால் 650 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து விகாரைக்குச் சேர வேண்டிய நெல் 8,900 கலத்துக்கு மேல். கலம், தூணி, குறுணி, நாழி என்று கடைசி நாழி வரைக்கும் கணக்கு எழுதியிருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அடங்கல் எழுதிய எனக்கு அந்த நாழிக் கணக்கைப் படித்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

எல்லை குறித்த விதம் அதைவிட அழகு. ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, அது நடந்த வழியில் கல்லும் கள்ளிச்செடியும் நட்டார்கள். எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த ஊர் எல்லைக்குத் தெற்கு என்று எல்லாம் பதிவு. ராஜராஜன் வாயால் சொன்ன தானத்தைச் செப்பேட்டில் வெட்டுவித்தது அவன் மகன் ராஜேந்திரன். 21 ஏடுகள், ஐந்தில் வடமொழி, பதினாறில் தமிழ். எல்லாவற்றையும் கோத்த வளையத்தில் ராஜேந்திரனின் முத்திரை. பிற்காலத்தில் டச்சுக்காரர்கள் கைக்குப் போய், நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது.

அதாவது, கடாரத்து அரசனுக்குக் கொடுத்த தானத்தை நிலைநிறுத்தியவனும், பிறகு கடாரத்தை அடித்தவனும் ஒரே ஆள். ராஜேந்திரனின் ஆரம்ப ஆண்டுகளில் கடாரத்து அரசனின் அதிகாரிகள் நாகைக் காயாரோகணசுவாமி கோயிலுக்கு, அதாவது நம் சிவன் கோயிலுக்கு, சீனப் பொன் கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. அவர்கள் நம் கோயிலுக்குக் கொடுத்தார்கள், நாம் அவர்கள் விகாரைக்குக் கொடுத்தோம். அதற்குச் சில ஆண்டுகளிலேயே படையெடுப்பு.

கதை அதோடு முடியவும் இல்லை. வீரராஜேந்திரன் காலத்தில் மறுபடியும் ஒரு படை போனது; கடாரத்தை வென்று, அடிபணிந்த அரசனிடமே திருப்பிக் கொடுத்ததாக அவன் கல்வெட்டு சொல்கிறது. 1090ல், முதலாம் குலோத்துங்கனிடம் கடாரத்து அரசன் இரண்டு தூதர்களை அனுப்பினான். எதற்கு? நாகை விகாரைக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்குக் கேட்டு. குலோத்துங்கன் கொடுத்தான். அது மூன்று ஏடுகளில் சிறிய லெய்டன் செப்பேடு. 1025ல் அவ்வளவு நடந்த பிறகும் 65 வருஷம் கழித்து அந்த விகாரை நாகையில் நின்றிருக்கிறது, அதன் வயல் நெல் அதற்கே போயிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிற்காலச் சோழருக்கு முன்பும் இந்தப் போக்குவரத்து உண்டு. பட்டினப்பாலை பூம்புகார்த் துறையில் குவிந்த பண்டங்களில் காழகத்துப் பொருளையும் சொல்கிறது. காழகம் என்றால் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார்.

பேத்திகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அடிச்சது நிஜம். அதுக்கு முன்னாடி இவங்க ராஜா நம்ம ஊர்ல கோயில் கட்டினதும், நம்ம ராஜா அதுக்கு ஒரு கிராமத்தையே கொடுத்ததும் நிஜம். தாத்தா கார்ல அடிச்சதை மட்டும் சொன்னேன். அது என் தப்பு." இரண்டும் தலையாட்டிவிட்டு ஓடைக்கு மீன் பார்க்கப் போய்விட்டன.

நானும் தோழனும் மட்டும் மேடையில் இருந்தோம். அவன் கேட்டான், "அந்த விகாரை இப்ப இருக்கா?"

இல்லை என்றேன். நாகையில் சீனக் கோபுரம் என்று மக்கள் சொன்ன ஒரு பழைய செங்கல் கோபுரம் இருந்தது. வால்டர் எலியட் 1846ல் அதைப் பார்த்து வரைந்து வைத்தார். 1867ல் இடித்துவிட்டார்கள். அந்தச் சுற்றுவட்டத்தில் கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகளில் பல சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கேள்வி வந்தது. "அம்மாயி வீடு இருக்காடா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அம்மாயி வீடு நத்தத்தில் இருந்த கூரை வீடு. பின்னால் ஒரு கிணறு, ஒரு முருங்கை, ஒரு மாட்டுக் கொட்டகை. அவர் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கொட்டகையில் மாடு கட்டினார். பிறகு கூரை விழுந்தது. பிறகு அவர் மகன் அங்கே வீடு கட்டினான். நத்தம் நிலவரித் திட்டம் வந்தபோது வீடு வீடாக அளந்து, யார் குடியிருக்கிறாரோ அவர் பெயருக்குப் பட்டா கொடுத்தார்கள். சட்டப்படி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் கிராமம் என் பொறுப்பிலும் இல்லை. ஆனால் அந்த வேலை நடக்கப்போகிறது என்று எனக்கு முன்னாடியே தெரியும். தோழன் முகவரி என் பெட்டியில் இருந்தது. ஒரு கடிதம் போட்டிருந்தால் அவன் மனுக் கொடுத்திருப்பான். போடவில்லை. மறந்தேன் என்று சொல்ல முடியாது. அப்புறம் அப்புறம் என்று தள்ளிப்போட்டேன்.

இதையெல்லாம் அவனிடம் அப்படியே சொன்னேன். அவன் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தக் கிணத்துல தண்ணி உப்பா இருக்கும்" என்றான். "அம்மாயி அதுலதான் என்னைக் குளிப்பாட்டும்." பிறகு, "அங்க புள்ளைங்க இருக்கா?" என்று கேட்டான். இரண்டு என்றேன். "சரி விடு" என்றான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். 1957ல் மலாயா சுதந்திரமடைந்தபோது அவர் குடியுரிமைக்கு உடனே விண்ணப்பிக்கவில்லையாம். எப்படியும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்றே இருந்திருக்கிறார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, தோட்டத்தில் பாதிப் பேர் கப்பலேறிவிட்டார்கள். இவர் மட்டும் அலைந்து திரிந்து காகிதம் வாங்கினார். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு வீட்டு நடுக்கூடத்தில் மாட்டியிருந்தான் தோழன். மத்தியானம் அதைப் பார்த்தபோது ஏதோ பள்ளிச் சான்றிதழ் என்று நினைத்திருந்தேன்.

ஊர் வந்ததும் முதல் வேலையாகக் கிராமத்துக்குப் போனேன். அந்த வீட்டில் இருந்த பெண், "எதுக்கு சார் கிணத்தைப் படம் எடுக்கறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு பழைய அம்மிக் குழவியைக் கொண்டுவந்து காட்டினாள். மாமியார் காலத்திலிருந்து இருக்கிறது, அந்தப் பாட்டியுடையது என்று சொல்வார்களாம். அதையும் படம் எடுத்து அனுப்பினேன்.

2019 பிப்ரவரியில் தோழன் வந்தான், மனைவியோடு. கிணற்றில் தண்ணீர் சேந்தி வாயில் விட்டுப் பார்த்தான். "அதே உப்பு" என்றான். அந்தப் பெண் குழவியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவன் வாங்கவில்லை. அரைக்கிற வீட்டிலேயே இருக்கட்டும் என்றான்.

மறுநாள் ஆனைமங்கலம் போனோம். தாளடி அறுவடை நடந்துகொண்டிருந்தது. இயந்திரம் ஒரு பக்கம் ஓட, களத்தில் நெல் குவிந்திருந்தது. "யானை நடந்த எல்லை எதுடா?" என்று கேட்டான். இத்தனை வருஷம் எல்லைக்கல் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். வரப்பில் நின்று கையைக் காட்ட முடியவில்லை. அங்கே ஒரு அடையாளமும் இல்லை.

அன்று இரவு பேத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாத்தா, அம்மாயி வீட்டை யார் அடிச்சாங்க?" என்றாள்.

"யாரும் அடிக்கலம்மா. தாத்தா ஒரு கடுதாசி போட மறந்துட்டேன்" என்றேன். மறக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவள் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் அதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.